கதவுக்கு நாலு பேர்

கஞ்சிலின் பின்னிருக்கையைக் கழற்றி
பிறை வீட்டு மாடிப்படிக்கு அடியில் போட்டேன்.
இப்போது அதில் பூனை படுக்கிறது.
இருக்கை இருந்த இடத்தில் பெட்டி:
பதினெட்டு மில்லிமீட்டர் பலகை,
மூன்று வாரம் இரவு ஷிப்ட் முடிந்து வந்து
தூங்காமல் அறுத்தது.
தாம்பாளம் அகலத்தில் இரண்டு ஸ்பீக்கர்.
கட்டைவிரல் தடிமனில் செம்புக் கம்பி.
மூன்று பேட்டரி.

ஆல்டர்நேட்டர் மட்டும் இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
அது அக்கா வீட்டுக்காரர் தவசீலனுடைய காசு.
கூரை ஒழுகுகிறது என்று சொல்லி வாங்கினேன்.
முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.
முதல் சோதனையில் இரண்டு ஓடுகள் நகர்ந்தன,
அன்றிலிருந்து ஒழுகத்தான் செய்கிறது.

என்ன பாட்டு போடுவே என்று கேட்கிறார்கள்.
பாட்டெல்லாம் இல்லை.
நாற்பத்திரண்டு ஹெர்ட்ஸில் ஒரே ஒரு நீண்ட 'ம்',
முப்பது வினாடி.
உள்ளே ஆள் உட்காரக் கூடாது.
டாஷ்போர்டில் ஒரு மைக் மட்டும்
முதலாளி மாதிரி உட்கார்ந்திருக்கும்.
வெளியே நின்று நாங்கள் காரை அமுக்கிப் பிடிப்போம்.
தகடு ஒரு மயிரிழை உப்பினாலும்
எண் குறைந்துவிடும்.

மனுஷனைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்பார்கள்.
என் காரை அமுக்க நாலு பேர்.

ஞாயிறு, செபராங் ஜெயா,
பேரங்காடியின் மொட்டை மாடி, தார் உருகும் வெயில்.
வந்தது மூன்று பேர்தான்.
ஃபைசால் இடக்கதவில் முதுகு கொடுத்தான்.
சியூ கெங் முன்கண்ணாடியில் இரு உள்ளங்கை.
ரிமோட்டைப் பல்லில் கடித்தபடி
நான் பின்கதவில்.
வலக்கதவுக்கு ஆளில்லை.

அப்போது படியேறி வந்தார் அத்தான்,
வெள்ளைச் சட்டை,
கையில் நான் கையெழுத்துப் போட்ட தாள்.
"யோகேஸ்! இதுதானா கூரை?"

நடுவர் கடிகாரத்தைத் தட்டினார்.

"அத்தான், அப்புறம் ஏசுங்க.
அந்தக் கதவுல நெஞ்ச வச்சு அழுத்துங்க!"

ஏன் செய்தார் என்று இன்றுவரை தெரியாது.
கடன் கொடுத்தவர்களுக்கு
பொருளைத் தொட்டுப் பார்க்கும் ஆசை இருக்கும்போல.

அமுக்கினேன்.

கூரைத் தகடு
பால் பொங்குவதுபோல் எழும்பி எழும்பித் தணிந்தது.
பட்டப்பகலில் முகப்பு விளக்கு மங்கியது.
என் கடைவாய்ப் பல்லின் சிமெண்டு
தனியாக ஒரு சேதி சொன்னது.
அத்தானின் சட்டைப்பையிலிருந்து
பேனா தானே ஏறி வந்து
தரையில் குதித்தது.
கன்னம் இரண்டும் ஆட அவர் என்னமோ கத்தினார்,
வாய் மட்டும் தெரிந்தது.
தொகையாகத்தான் இருக்கும்.

நூற்று நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.

நூற்றைம்பதுக்காக ஒரு வருஷம்.
புள்ளி நாலு!
மூன்றாம் பரிசு:
பிளாஸ்டிக் கோப்பை, நாலு லிட்டர் எஞ்சின் எண்ணெய்.
ஃபைசால் தரையில் உட்கார்ந்துவிட்டான்.
சியூ கெங் ஹொக்கியனில் யாரையோ திட்டினான்,
என்னையாகவும் இருக்கலாம்.

அத்தான் குனிந்து பேனாவை எடுத்தார்.
வெள்ளைச் சட்டையில் கதவின் தூசி
ஒரு கதவாகவே பதிந்திருந்தது.
தாளை நாலாய் மடித்து
பையில் வைத்தார்.
"மாசக் கடைசி. ஒரு நாள் தாண்டினாலும் அக்காகிட்ட சொல்லிருவேன்."
"சரி அத்தான்."
போகாமல் நின்றார்.
தொப்புளுக்கு நேராக விரல் வைத்துக் காட்டினார்:
"இங்க காத்து வந்துச்சு."

ராத்திரி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு
மெழுகுவர்த்தியோடு காரைச் சுற்றினேன்.
நாற்பத்திரண்டைச் சன்னமாய் ஓடவிட்டு
கதவோரம் கதவோரமாகப் பிடித்தேன்.
இடப்பக்கம் சுடர் அசையவில்லை.
பின்கதவிலும் இல்லை.
வலக்கதவு, கீழ்க்கீலுக்குச் சற்று மேலே,
அத்தான் தொப்புள் உயரத்தில்
சுடர் சாய்ந்தது.

நோட்டை எடுத்தேன்.
'அத்தான், 2800' என்ற வரிக்குக் கீழே
எழுதினேன்:
ரப்பர் பட்டை, 9.50.